இளநீர்க் காட்சி

எளாவூர்,
மார்ச் 1978, சனிக்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தணிகாசலம் எழுதுகிறேன். நீயும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள். பிலாயில் வெயில் தொடங்கியிருக்கும். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதையும் சுகத்தில் சேர்த்து எழுதச் சொன்னாள்.

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், நானும் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன் என்று நீ எழுதியிருந்ததை நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சம்மதப் பத்திரம் இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். தாத்தா சொத்து என்பதால் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும்.

உனக்குப் பதில் எழுதத் தாமதமானதற்கு நாடகம்தான் காரணம். களைப்பும்.

தை மாதம் தொழிற்பேட்டைக்காக நிலத்தை அளக்க வந்தார்களே, அந்தக் கதையை உனக்கு எழுதியிருந்தேன். பம்புசெட்டுக்கு மூன்று வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்த நைனா, ஜீப்பில் வந்தவர்களைக் கரண்டு ஆபீஸ்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார். தானே மரம் ஏறி இளநீர் வெட்டினார். அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் முன்னால் ஓடினார். கல் நடக் குழி தோண்ட மண்வெட்டியும் நம் வீட்டிலிருந்துதான் போனது. நான்கு மூலையிலும் கல் நட்டு முடித்த பிறகு, கம்பம் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். படித்துவிட்டு நீயும் அண்ணியும் சிரித்ததாக எழுதியிருந்தாய். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். சென்னையில் எங்கள் கேண்டீனிலும் சொன்னேன். என்னோடு எம்.ஏ. படிக்கும் விக்டோரியா, டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளில் ஒரு நாடகம் எழுதிவிட்டாள். முழுக்க முழுக்க நகைச்சுவை. பல்கலைக்கழக அரங்கில் போட அனுமதியும் வாங்கிவிட்டாள்.

விவசாயி வேடம் எனக்கு. நடை எனக்குத்தான் வருகிறது என்றாள்.

ஒரு மாதம் ஒத்திகை. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அரங்குக்குப் போவோம். மின்விசிறி போட விடமாட்டார்கள். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தால் உண்டு. அதே வரப்பு. அதே ஓட்டம். அதே இளநீர். இன்னும் கொஞ்சம் குனிந்து நட, இன்னும் கொஞ்சம், என்று விக்டோரியா கத்துவாள். குனிந்து குனிந்து எனக்கு நிஜமாகவே முதுகு வலி வந்துவிட்டது. ஒரே விஷயத்தை முப்பது தடவை செய்தால் அதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. சபை இருக்குமிடத்தில் இருக்கும் என்று நம்பிக்கொண்டு செய்ய வேண்டியதுதான்.

நேற்று முன்தினம் மேடையேற்றம்.

அன்று காலை நைனாவும் சென்னைக்கு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நிலமெடுப்பு ஆபீசரை நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று, ஊத்துக்கோட்டையில் ஒரு ஜரிகைத் துண்டு வாங்கி, தாளில் சுற்றிக் கொண்டு வந்திருக்கிறார். ஆபீசர் கேம்ப் போயிருந்தாராம். பியூன் நாளைக்கு வா என்றானாம். நாளைக்கு வந்தால் இருப்பாரா என்றதற்கு, வந்து பார் என்றானாம். ஒருவேளை திரும்பிவிடுவாரோ என்று சாயங்காலம் வரை ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பிறகு என்னைத் தேடி ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறார். உங்க புள்ள நாடகத்துல இருக்காரு, அங்க போங்க என்று வாட்ச்மேன் அரங்குக்கு வழி காட்டிவிட்டான்.

இளநீர்க் காட்சி நடந்துகொண்டிருந்தது. ஆபீசராக நடித்தது இராமலிங்கம். மயிலாப்பூர்ப் பையன். தொப்பி போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் சுண்ணாம்பு நரையோடு நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கரண்டு எப்ப சார் வரும்?”

“வரும், வரும். மொதல்ல எளநீ வரட்டும்.”

சிரிப்பு.

“இது ஆறாவது காய் சார்.”

“மரத்துல இன்னும் நிக்குதே. அதையும் அளக்க வேணாமா?”

முன்வரிசைப் பேராசிரியர்கள்கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், பின்கதவு அருகே ஒரு வெள்ளை வேட்டியைப் பார்த்தேன். அக்குளில் தாள் பொட்டலம். எத்தனை நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

அவர் நடந்து வந்தார். நாற்காலிகளுக்கு நடுவே, நேராக. மேடைப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பொட்டலத்தைப் பிரித்தார். இராமலிங்கத்தின் தோளில் துண்டைப் போர்த்தினார். தாளை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு அங்கேயே நின்றார்.

நம் ஊர்க் கூத்து உனக்கு நினைவிருக்கும். துண்டு விழுந்தால் ஆட்டம் நிற்கும். கொடுத்தவரின் பேரையும் ஊரையும் கட்டியக்காரன் கேட்டுச் சபைக்குச் சொல்லி, அவர் குடும்பத்தை வாழ்த்துவான். அது முடியும்வரை கொடுத்தவர் இறங்க மாட்டார். இறங்கினால் ஆட்டக்காரனுக்கு மரியாதை இல்லை. நைனா அதற்காகத்தான் நின்றார். எனக்குத் தெரியும். அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சபை இதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. இராமலிங்கம் என்னைப் பார்த்தான். நான் சங்கிலியைப் பார்த்தேன். அவன் கெட்டிக்காரன், வேடத்தை விடவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஆபீசர் குரலிலேயே கேட்டான்.

“யாருய்யா நீ? பேரென்ன, ஊரென்ன?”

“திருமலைங்க. எளாவூரு.”

அதோடு வாழ்த்தியிருந்தால் முடிந்திருக்கும். இராமலிங்கத்துக்கு எப்படித் தெரியும். சிரிப்பு வந்ததும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேசையிலிருந்த காகிதத்தை இழுத்துக்கொண்டான்.

“நிலம் எவ்ளோ இருக்கு?”

நைனாவின் தோள் மெல்லக் குறுகியது. ஒரு மாதமாக விக்டோரியா என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த அதே குனிவு. சர்வே நம்பர் சொன்னார். எல்லை சொன்னார். கிழக்கே ஏரிக் கால்வாய், மேற்கே லாரி ரோடு. கிணறு சொன்னார். தென்னை எத்தனை என்று சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். அவர் சிரிப்புக்காக நிறுத்தவில்லை. காலையிலிருந்து சொல்ல வைத்திருந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

“கையெழுத்துப் போட வேண்டியதுதானே? இன்னா யோசனை?” இராமலிங்கத்துக்கு எங்கள் பேச்சு ஒரு மாதத்தில் தொற்றியிருந்தது.

“நானா முடிவு பண்ண முடியாதுங்க. ரெண்டு பசங்க. பெரியவன் பிலாய்ல கீறான். அவன் வந்துதான் சொல்லணும். அவன் நெலத்துல ஒரு தபா நின்னு பாத்துட்டு, போட்றா நைனான்னா போட்றுவேன்.”

பெருஞ்சிரிப்பு. நைனாவையே டா போடும் பையன் என்று சிரித்தார்கள். நீ சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவாயாம், அம்மா சொல்லியிருக்கிறாள்.

“சின்னவன்?”

அண்ணா, அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். சுண்ணாம்பு நரை. அவருடைய பழைய வேட்டி, போன மாதம் வீட்டிலிருந்து கேட்டு வாங்கிப் போனது. நெற்றியில் அவர் இட்டுக்கொள்கிற மாதிரியே நாமம். பார்த்தார். ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

“சின்னவன் படிச்சிக்கினு கீறாங்க,” என்றார்.

“சரி, எழுதியாச்சு. போய்க் குந்து.”

அவர் அப்போதும் இறங்கவில்லை. வாழ்த்துக்காக நின்றார். வேறு வழியில்லை. சங்கிலியைக் கீழே போட்டேன். கூத்தில் கேட்டிருந்த குரல், எனக்குள் இருப்பதே தெரியாத குரல், எங்கிருந்தோ வந்தது. எளாவூர் திருமலை போர்த்திய துண்டு சபையறிய வந்தது, அவர் வீடு தழைக்க வேண்டும், அவர் நிலம் விளைய வேண்டும், அவர் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இழுத்துப் பாடினேன். சபை எழுந்து நின்று கைதட்டியது. நைனா கும்பிட்டார். இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, போய் உட்கார்ந்தார்.

மீதி நாடகம் எப்படி முடிந்தது என்று நினைவில்லை.

திரை விழுந்ததும் விக்டோரியா ஓடி வந்தாள். அந்தக் கிழவரை எங்கே பிடித்தாய், சொல்லவே இல்லையே, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போடும்போதும் அழைத்து வா என்றாள். எங்கள் நைனா என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பற்றி அதற்குப்பின் இருவரும் பேசவில்லை. இராமலிங்கம் துண்டைக் கழற்றி மடித்து, வெளியே நின்ற நைனாவிடம் நீட்டினான். மன்னிச்சுக்குங்க ஐயா என்றான். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“குட்த்தத திருப்பி வாங்குவாங்களா? நல்லா செஞ்சப்பா. போட்டுக்கினு போ.”

அன்று என் அறையில் படுத்துக்கொண்டார். மறுநாள் ஆபீஸுக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். வேணாம், ஊட்டுக்குப் போலாம் என்றார். கூடூர் பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொன்னேரி தாண்டியது. நாஷ்டாவுக்கு வாங்கிய இட்லிப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

“அந்தப் பையன் நல்லா கேட்டாம்பா. அங்க ஆபீஸ்ல பேருகூட கேக்கல. இவன் பேரு கேட்டான், ஊரு கேட்டான், நெலம் கேட்டான்.”

ஆமாம் என்றேன்.

“எய்திக்கினான் இல்ல?”

ஆமாம் என்றேன். நான் பக்கத்தில்தான் நின்றேன். இராமலிங்கம் பேனா மூடியைக் கழற்றவே இல்லை.

ஜன்னல் பக்கம் திரும்பினார். சிரித்தார். அறுத்த வயல்கள் போய்க்கொண்டிருந்தன.

“எளநி ஆறுன்னியே. நா அஞ்சுதான் வெட்னேன்.”

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினேன்.

“அதுகூட வுடு. கூன்தான் ஜாஸ்தி போட்டுட்ட. அவ்ளோ கூனாவா நடக்கறேன் நானு?”

இல்லை நைனா என்றேன். அவர் நம்பவில்லை. பலகையில் முதுகை ஒட்டி வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கும்மிடிப்பூண்டி வந்தது. நிமிர்ந்தே இருந்தார். எளாவூரில் இறங்கி, செக்போஸ்ட்டில் நின்ற லாரிகளுக்கு நடுவே எனக்கு முன்னால் நடந்து போனபோதும் நிமிர்ந்தே நடந்தார். பழக்கமில்லாத நடை. மூச்சு வாங்கியது. நான் வேண்டுமென்றே பின்தங்கினேன்.

வீட்டு வாசலில் திரும்பி, அண்ணனுக்கு இதெல்லாம் எய்தாத, சிரிப்பான், என்றார்.

எழுதிவிட்டேன்.

இன்று காலை நிலத்துக்குப் போய் வந்தேன். நான்கு கல்லும் இருக்கின்றன. கிழக்கு மூலைக் கல்லில் யாரோ வைக்கோல் பிரியைக் கட்டி ஆட்டைக் கட்டியிருந்தார்கள். நிலத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தண்ணீர் வருஷா வருஷம் இறங்குகிறது. நீயும் வரப்போவதில்லை, நானும் ஏர் பிடிக்கப்போவதில்லை. நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. அதனால் போடாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போடுவதானால் இங்கே வந்து போடு. தபாலில் அனுப்பாதே. அனுப்பினால் அவரும் பேசாமல் போட்டுவிடுவார். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியாது.

லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கேள். வேண்டுமானால் தந்தி அடிக்கிறேன். இரண்டு நாள் போதும். ஒரு நாள்கூடப் போதும். நிலத்தில் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, என்ன தோன்றுகிறதோ அதை அவரிடம் உன் வாயால் சொல்.

அண்ணிக்கு அம்மா முருங்கைக்கீரைப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். உன்னிடம் கொடுத்தனுப்ப.

எந்த ரயில் என்று எழுது. நீ இறங்கும்போது நைனா ஸ்டேஷனுக்கு வந்திருப்பார். பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டு நடந்து வருவார்.

சிரித்துவிடாதே அண்ணா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தம்பி தணிகாசலம்.