பொரித்து மிஞ்சிய எண்ணெய்

அன்புள்ளவளுக்கு,

உன் கால் எரிச்சல் தேவலையா? நான் சுகம்.

கேன்டீனில் பொரித்து மிஞ்சும் எண்ணெயில்தான் எனக்குச் சமைத்துக்கொள்வேன், தெரியுமே. ரத்தத்தில் கொழுப்பு ஏற அதுவும் காரணம் என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவனுக்கா பாடம்? ஆனாலும் மூன்று மாதமாகப் புது எண்ணெய்தான், அதுவும் கரண்டியில் அளந்து. நேற்று மறுபடி பரிசோதித்தார்கள்.

"கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு பெரியவரே. வாய்க்கொழுப்புதான் அப்படியே இருக்கு" என்றார். நீயும் அவர் பக்கம்தான் பேசுவாய்.

ஒரே ஆளுக்குக் குழம்பு வைக்க எவ்வளவு எண்ணெய் என்று எழுது. எனக்கு இருநூறு பேருக்குத்தான் அளவு தெரியும்.

போன தடவை ஊருக்கு வந்தபோது நான் அதட்டிச் சேர்த்துவைக்கச் சொன்ன பழைய எண்ணெயை இன்றே கொட்டிவிடு. உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. வேண்டாமென்று நீ அன்றே சொன்னாய். அதைப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்காதே.

மணி அடிக்கிறது, உலை வைக்கவேண்டும்.

உன் வீட்டுக்காரன்