கடலைத்தோல் மூட்டையில் நிலக்கரி

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

அடுகோடியில் இருக்கும் எங்கள் கம்பெனி, கடலைத்தோலை அழுத்திப் பாய்லருக்கு எரிகட்டி செய்கிறது. இன்று அதில் நிலக்கரித் தூளைக் கலந்தார்கள். அந்த மூட்டையிலும் 'பயோ ஃப்யூயல்' என்று அச்சடிக்க, கெமிஸ்டான நான் ஓகே சொல்ல வேண்டுமாம்.

"கரியும் ஒரு காலத்துல மரம்தானேம்மா? பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணுக்கு இதுகூடத் தெரியலியே!" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பதில் எனக்கு வீடு திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றியது. கடலைத்தோல் எரியும்போது வரும் கரியமில வாயுவை அடுத்த மழைக்கு முளைக்கும் செடி எடுத்துக்கொள்ளும். நிலக்கரியான மரம் மண்ணுக்குள் போய்ப் பல கோடி வருஷம் ஆயிற்று. அது எரிந்து வரும் வாயுவை யார் எடுத்துக்கொள்வது?

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருந்தாலும் நாளை எல்லோர் முன்னாலும் சொல்வேன். "கரி கலந்த மூட்டைக்கு அந்தப் பேர் வேண்டாம், சார்." இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"யார்கிட்டடி பேசுற?" என்கிறாள் அம்மா, பாயிலிருந்து.

அப்படியானால் என் குரல் கேட்கிறது.