கூடைக்குள் முதலில் அடித்த செல்

தை 24, செவ்வாய்

மப்பு. காலையிலிருந்து வெயில் முகம் காட்டவில்லை.

இன்று கொள்முதல் நிலையத்துக் களத்தில் இருந்தவர்கள்: நான், காசாம்பு. மகன் ரவி. மருமகள் வசந்தா. மேலத்தெரு தங்கையன். அஞ்சலை. அவள் மகன் குமார். டீக்கடை ஹமீது பாய். பட்டியல் எழுதுகிற தம்பி. பெயர் தெரியும், எழுதமாட்டேன், போன வருஷம் என்னைக் 'கெழவி' என்றவன். மற்றபடி மூட்டை தைக்கிறவர்கள். பெயரெல்லாம் எழுதி வைப்பது நல்லது. நாளைக்கு ஒருத்தரும் 'நான் அங்க இல்லியே' என்று சொல்லக் கூடாது.

நெல் கொட்டியாகிவிட்டது. வாசலை ஒட்டி அஞ்சலை அம்பாரம். அடுத்து எங்களுடையது. அடுத்து தங்கையன். அதற்குப் பின்னால் ஊர் முழுக்க. எல்லாம் வெட்டவெளியில். தார்ப்பாய் பாதிப் பேருக்குத்தான். எங்களுடையதில் ஓட்டை, எலி வேலை.

கொட்டிய வரிசையில் எடை போட்டதெல்லாம் போன வருஷத்தோடு சரி. இந்த வருஷம் செல்லில் அமுக்கிக் கேட்க வேண்டும். கேட்டால் சேதியில் ஒரு நம்பர் வரும். அதைக் காட்டினால்தான் தராசு.

யாருக்கும் வரவில்லை.

"வந்துச்சா?"

"வரல."

"இன்னொரு தடவ அமுக்கு."

"அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சிருச்சி."

பொழுது சாயும்போது தங்கையன் செல் அடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். பட்டியல் தம்பி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இது செல்லாதுங்க. இதுக்கப்பறம் நீங்க மறுபடி கேட்டிருக்கீங்க. புதுசு கேட்டா பழசு செத்துரும்."

"அப்ப புதுசு எங்க?"

"வரும்."

"எப்ப?"

"என்னயக் கேட்டா?"

தங்கையன் அப்படியே நெல்லில் உட்கார்ந்துவிட்டான். ஹமீது பாய் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

கால் வீக்கம். உப்பு தீர்ந்துவிட்டது.

தை 25, புதன்

தூறல். நிற்கிறது, வருகிறது. வைக்கோல் நனைந்தது. மாடு தொடவில்லை.

இன்றும் இல்லை. வருவதெல்லாம் செத்த சேதி. நேற்றுக் கேட்டதற்கு இன்று பதில். அதற்குள் இன்று வேறு கேட்டாகிவிட்டது. ஆளாளுக்குச் செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு களத்தில் அலைகிறார்கள், நிலாவைக் காட்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி.

வசந்தா சென்னைக்குப் போன் போட்டாள். பேரனுக்கு.

பேரனுக்கு அங்கே கம்பெனி வேலை. ஊரெல்லாம் செல்லுக்குப் போகிற சேதிகளை வரிசையில் நிறுத்தி அனுப்புகிற வேலையாம். இந்த நம்பர் அனுப்புகிற ஏற்பாடும் அவர்கள் கம்பெனிதான்.

தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பெயர் என் வாயில் வராது. அவர் இருந்தபோது சொன்னதில்லை, போன பிறகும் இல்லை. கிருத்திகைக்குப் போனபோது கண்டக்டரிடம் "மலைக்கு ஒரு டிக்கெட்" என்றேன். "எந்த மலைம்மா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. சொன்னேனா? இல்லை. பக்கத்தில் இருந்தவள் சொல்லி டிக்கெட் வாங்கித் தந்தாள். ஆகவே பேரன் எனக்குச் சின்னவர். தொட்டிலில் கிடந்தபோதே வாங்க, போங்கதான். ஏசினாலும் அப்படித்தான்.

சின்னவர் சொன்னது, மறப்பதற்கு முன்னால்:

"அப்பாயி, சேதி அனுப்புற மெஷினுக்கு முன்னாடி ஒரு வரிச இருக்கு. நம்ம ஊரு நெலையத்துக்குன்னு தனி வரிச. அதுல இவ்ளோதான் எடம். நெறஞ்சிருச்சின்னா பின்னாடி வர்றத அப்படியே கீழ தள்ளிரும். தள்ளிட்டேன்னு யாருகிட்டயும் சொல்லாது."

"சொல்லாதா?"

"சொல்லாது. நீங்க, வரலியேன்னு மறுபடி அமுக்குறீங்க. நீங்க சும்மா இருந்தாலும் செல்லு தானா மறுபடி கேக்கும். இப்ப அந்த வரிசைல நிக்கிறது ஊரு இல்ல அப்பாயி. தங்கையன் மாமாவே பத்துப் பேரா நிக்கிறாரு."

"அப்ப என்னங்க பண்றது?"

"கைய எடுக்கணும். வரலன்னா செத்த நேரம் பொறுக்கணும். அப்பவும் வரலன்னா அதவிட ரெட்டிப்பாப் பொறுக்கணும். எல்லாரும் வெலகுனா எல்லாரும் போயிருவீங்க. ஒருத்தரு மட்டும் வெலகாம முட்டுனா அவரு மட்டும் போவாரு. மத்தவங்க கெடப்பாங்க."

கடைசியில் சொன்னதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தது.

தை 26, வியாழன்

மழை இல்லை. ஆனால் காற்று கிழக்கே இருந்து. நல்லதற்கு இல்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தினோம். மிராசுதார் வயலில் கதிர் சாய்ந்து கிடந்தது. ஒருத்தரும் இறங்கவில்லை. வயிறு இழுக்கும், கை தானாக வயலுக்குப் போகும் என்று பயந்து, ஊர் அரிவாளையெல்லாம் வாங்கிச் சாக்கில் கட்டி வீட்டில் வைத்தவர் என் வீட்டுக்காரர். அஞ்சலை மட்டும் ஒன்றைக் கூரையில் சொருகி வைத்திருந்தாள். விடியலில் இறங்கிவிட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்து சாக்கைப் பிரித்தார்கள். பிடித்து நிறுத்தினவர் என்று அவரைத்தான் மிராசுதார் ஆட்கள் தேடி வந்தார்கள். வலது கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. சாகிறவரைக்கும் நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன்.

அன்றிலிருந்து அஞ்சலை வீட்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை. அவள் மகள் கல்யாணத்துக்குப் போனேன். மொய் எழுதினேன். பச்சைத் தண்ணீர் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் சொம்பை நீட்டுவாள். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்பேன்.

அந்தச் சாக்கு ஞாபகத்தில்தான் காலையில் ஹமீது பாயிடம் பன் கூடையைக் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"ஊரு செல்லயெல்லாம் இதுல போட."

"போடுங்க. செல்லுல எறும்பு ஏறுனா எங்கிட்ட வராதீங்க."

களத்தில் கூடையை வைத்தேன். சின்னவர் சொன்னதைச் சொன்னேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் கேட்பது, அப்புறம் கை வைக்கக் கூடாது. "கெழவிக்குப் புத்தி பெரண்டுருச்சி" என்று பின்னால் ஒரு பெண் குரல். யார் குரல் என்று தெரியும். கணக்கில் வைத்திருக்கிறேன்.

முதலில் ரவி போட்டான். தங்கையன் போட்டான். பிறகு ஒவ்வொருவராக. அஞ்சலை நின்றாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்; பழைய கதை ஊருக்கே தெரியும். மடியிலிருந்து செல்லை எடுத்துக் கூடைக்குள் வைத்தாள்.

"இந்தத் தடவ கூரைல ஒண்ணும் சொருவல, காசாம்பு. வேணும்னா வந்து பாரு."

வசந்தா ஒவ்வொரு செல்லாக எடுத்து, ஒரே ஒரு தடவை கேட்டு, மூடிப் போட்டாள். நெல் கொட்டிய வரிசையில். அஞ்சலையுடையது முதல். எங்களுடையது இரண்டாவது.

கூடைக்குக் காவல் நான். இழுவையான பகல். பன் வாசனை. குமாரின் கை ஒரு தடவை கூடைக்குள் போனது. புறங்கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. அடித்தது அஞ்சலை. "எடுடா கைய. எல்லாரும் கெடக்குறாங்கல்ல?"

வெயில் சாயும்போது கூடைக்குள் ஒரு செல் அடித்தது. எல்லாரும் குனிந்தோம்.

எங்களுடையது.

"அஞ்சலக்காவுதுதான மொதல்ல கேட்டுச்சி?" என்றான் தங்கையன்.

"வரிசன்னா முன்ன பின்ன இருக்கும்" என்று சொன்னது நான்தான். நானே.

எங்கள் நெல் தராசு ஏறியது. அது முடிவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. பட்டியல் தம்பி பூட்டைப் போட்டான். அஞ்சலை செல் அடித்தபோது கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பிறகு கூடை ஓயவில்லை. ஒவ்வொன்றாக எல்லாருக்கும் வந்தது. செல்லுகிற நம்பர். தங்கையன் செல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "சின்னம்மா சொன்னா சொன்னதுதான்" என்றான். நாளைக்கு ஊர் நெல் முழுக்க ஏறிவிடும் என்று பேச்சு.

அஞ்சலை நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூடாது, எழுதிவிட்டேன்.

தை 27, வெள்ளி

விடியலில் பிடித்தது. தை மாதத்தில் இப்படி ஒரு மழையா. கிழக்குக் காற்று நேற்றே சொன்னது.

நிலையம் திறக்கவில்லை. கையில் நம்பர் வைத்துக்கொண்டு ஊரே நனைந்தது. எங்கள் நெல் கிடந்த இடம் மட்டும் வெறும் தரை. அதன் வழியாகத்தான் தண்ணீர் ஓடி அஞ்சலை அம்பாரத்துக்கு அடியில் புகுந்தது. ரவி எங்கள் தார்ப்பாயைக் கொண்டுபோய் அவள் நெல்லின்மேல் போட்டான். அந்த எலி ஓட்டை. ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அஞ்சலை.

அப்போதுதான் சின்னவர் போன்.

"அப்பாயி, அங்க மழையாமே? நம்மளது போயிருச்சில்ல?"

"போயிருச்சிங்க."

"தெரியும். நான்தான் அனுப்பிவிட்டேன்."

"என்னங்க?"

"வரிசைல மொதல்ல அஞ்சல ஆயாதான் நின்னுச்சி. பெரிய ஆளுங்க சேதிக்குன்னு ஒரு தனி வழி வச்சிருக்கோம், அது வரிசைல நிக்காது. அதுல உங்க நம்பரப் போட்டுவிட்டேன். தாத்தா கைய நெனச்சிக்கிட்டேன் அப்பாயி. யாருக்கும் தெரியாது."

எனக்குக் காது மந்தம். செல் எப்போதும் முழுச் சத்தத்தில்தான் இருக்கும்.

அஞ்சலை தார்ப்பாயை விடவில்லை. மழைத் தண்ணீர் முகத்தில் வழிய என்னைப் பார்த்தாள்.

"அன்னக்கி என் மாரு வத்திப்போயி புள்ள கத்துச்சி. எறங்குனேன். நீ எதுக்கு எறங்குன?"

"நான் எறங்கல, அஞ்சல. சத்தியமா எனக்குத் தெரியாது."

"கூடைய நீதான வச்சிருந்த?"

தார்ப்பாயைப் பிடித்தபடி நின்றோம், இரண்டு பேரும். மழை விடுகிறவரைக்கும்.

தை 28, சனி

வெயில். சுள்ளென்று. இனி வந்து என்ன.

தார்ப்பாயை விலக்கினார்கள். அஞ்சலை நெல்லில் முளை. பூ மாதிரி வெள்ளையாக, அம்பாரம் முழுக்க. கையை உள்ளே விட்டால் சூடு. தங்கையன் நெல் அடிப்பக்கம் போச்சு, மேலே உள்ளதைக் காயவைத்துப் பார்க்கிறான். நம்பர் மட்டும் யாருடையதும் சாகவில்லை. நெல்தான் செத்தது.

பட்டியல் தம்பியிடம் போனேன். எங்களுடையதைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் அதை அஞ்சலை பெயரில் ஏற்றிக்கொள் என்றேன்.

"லாரி போயிருச்சிம்மா. அதெல்லாம் பேரு மாத்த முடியாது."

அம்மா என்றான். போன வருஷம் கிடைத்திருக்க வேண்டிய மரியாதை, எதற்கும் உதவாத நாளில்.

சாயங்காலம் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். குமார் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். திருப்பூர். கூட்டாளி யாரோ பனியன் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறானாம். வாசலிலேயே நின்றேன். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று எடுத்து வைத்த நெல் இருக்கிறது, விதை நெல்லும் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன்.

"வேணாம். நீயே வச்சிக்க."

"ஊருல சொல்லிரு அஞ்சல. இல்லன்னா நானே சொல்றேன்."

"சொல்லாத. சொன்னா அடுத்த வருசம் எவ கூடைல போடுவா? ஒனக்காவ இல்ல, வாயத் தொறக்காத."

நின்றேன். தொண்டை காய்ந்திருந்தது. அடுப்பங்கரை வாசலில் சொம்பு இருந்தது, எனக்குத் தெரிகிற இடத்தில். அவள் அதைப் பார்க்கவில்லை. குமாரின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

எத்தனை வருஷம் நீட்டினாள். இன்று நீட்டவில்லை.

தை 29, ஞாயிறு

வெயில். குமார் காலை பஸ்ஸில் போய்விட்டான். அஞ்சலை பஸ்ஸடிக்கு வரவில்லை. முளைத்த நெல்லை மாட்டுக்கு அள்ளிக்கொண்டிருந்தாள்.

உப்பு வாங்கியாயிற்று. கால் வீக்கம் அப்படியே.

சென்னையிலிருந்து போன். எடுக்கவில்லை. உடனே மறுபடி. உடனே மறுபடி. வசந்தா செல்லுக்கு, ரவி செல்லுக்கு, திரும்ப என்னுடையதற்கு. பொறுக்கச் சொல்லிக் கொடுத்தது அவன்தான்.

"எடுத்துப் பேசுங்கத்த. ஒங்களுக்காவதான செஞ்சான்? பாவம், அழுவுறான்."

எனக்காகத்தான். அந்தக் கையின் கதையைச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லி வளர்த்ததும் நான்தான். இருக்கட்டும்.

மிராசுதார்: செத்துப்போனார், விட்டேன். அவர் ஆட்கள்: இரண்டு பேர் இருக்கிறார்கள், விடவில்லை. பட்டியல் தம்பி: அம்மா என்றான், பார்க்கலாம். 'புத்தி பெரண்டுருச்சி' என்றவள்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அஞ்சலை: அந்தக் கூரை அரிவாளைக் கணக்கிலிருந்து இறக்கிவிட்டேன். இனி நான் யார் அவளைக் கேட்க.

மறுபடி அடிக்கிறது. அடிக்கட்டும்.

ஒருத்தனை மட்டும் விட மாட்டேன். சாகும்போது வாயில் பால் ஊற்ற வந்தாலும் மாட்டேன். நாளைக்கு யாரும் யாரென்று கேட்கக் கூடாது, எழுதி வைக்கிறேன்.

பழனிவேல்.