முன்னால் ஓடியவர்களுக்குப் பின்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அக்கா போன வாரம் பிள்ளைகளோடு வந்து போனாள், சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அந்தச் சிரிப்பைப் பார்க்க நீ இல்லையே என்று இருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், கேட்டால் ஒன்றுமில்லை என்பார், மாடிப்படியில் மட்டும் கைப்பிடியை விடமாட்டார்.

நீ பயிற்சி கொடுக்கிற ஹாக்கி அணியின் கோல்கீப்பரை அணியிலிருந்து எடுத்துவிடலாமா என்று நீ போனில் கேட்டதிலிருந்து வீட்டில் அதே பேச்சு. வருகிற பந்தில் மற்ற கீப்பர்கள் தடுக்கிற அளவுக்கு அவன் தடுப்பதில்லை என்று சதவீதமெல்லாம் சொன்னாய். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் எழுதிவிடுகிறேன், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய ஆட்டங்களைப் பார்த்தவள்தானே. அப்பா வேலை பார்த்துக்கொண்டே கோல்கீப்பராக நின்ற அந்தத் தொழிற்சாலை அணிக்கு முன்னால் ஓட மட்டும்தான் தெரியும். தடுக்க வேண்டிய வெல்டரும் கிரேன் ஓட்டுகிறவரும்கூடப் பந்தைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள், பந்தோடு திரும்பி வருகிற எதிரணியின் இரண்டு மூன்று பேரை அப்பா தனியாகச் சமாளிப்பார். மின்சார ஆபீஸ் அணி இதற்கு நேர்மாறு, பாதிப் பேர் கோலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கீப்பருக்குச் சுவர் என்றே பெயர், அவர் சட்டையில் மண் ஒட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் தொழிற்சாலை மேனேஜர் யார் எத்தனை கோல் விட்டார்கள் என்று பார்த்தார், சுவருக்கு இங்கே வேலை கொடுத்துக் கூட்டிவந்தார், அப்பாவை உட்கார வைத்துவிட்டார். அன்று அப்பா வந்து கால்கவசத்தைக் கழுவி வெயிலில் சாய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சுவர் வந்த பிறகு நாங்கள் விடுகிற கோல் குறையவில்லை, கூடியது. ஒருநாள் சாயங்காலம் அவரே நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். “அண்ணே, அங்க பந்து மட்டும்தான் வரும், இங்க பந்தோட ஆளும் சேர்ந்து வர்றான். நீங்க எப்படித்தான் நின்னீங்க?” என்றார். பல வாரம் கழித்து அப்பா அன்றுதான் சிரித்தார். இரண்டு பேரும் கொல்லையில் என் துடைப்பத்தை மட்டையாக்கி இருட்டும்வரை தடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், எத்தனை டீ போட்டேன் என்று எனக்கே தெரியாது. பிறகு முன்னால் ஓடிக் கோல் போடுகிற எங்கள் சென்டர் ஃபார்வர்டு மேனேஜரிடம் போய், “பின்னாடி அவர் நிக்கிறார்ங்கிற தைரியத்துலதான் சார் நாங்க முன்னாடி ஓடினோம்” என்று சொல்ல, அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல் கோல் விட்டார், வழக்கம்போல் நாங்கள் அதைவிட அதிகம் போட்டோம். அந்தக் கூச்சலும் வியர்வையும் இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

இதுவரை எழுதியதை அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். “எடுக்கணும்னா எடுக்கட்டும், அது அவன் வேலை. ஆனா முன்னாடியே நேர்ல போய்ச் சொல்லச் சொல்லு. நான் கவசமெல்லாம் கட்டிக்கிட்டு உள்ள போனப்பறம்தான் கோல்ல வேற ஆள் நிக்கிறதைப் பார்த்தேன்” என்றார். அன்று உனக்குக் காய்ச்சல் என்று நான் மைதானத்துக்குப் போகவில்லை. இத்தனை வருஷமாக இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

நீ எந்த முடிவு எடுத்தாலும் எங்கள் ஆசி உனக்கு உண்டு, நல்லபடியாக இரு. அந்தப் பிள்ளையிடம் பேசப் போகும்போது உட்கார்ந்து பேசு, அவசரப்படாதே.

இப்படிக்கு,
உன் அம்மா