முகராத போத்தல்

2025 ஜூலை 3, வியாழன்

தாஸிம் நானா வந்தார். என் கணவர் சாஹுல் ஹமீதின் அண்ணன்தான், ஆனாலும் கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் நான் இருக்கிறேன், உள்ளே வர முடியாது. வழக்கம்போல வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"இத்தா முடிஞ்ச ஒடனே கெலிஓயாக்கு வந்துருங்க மஸாஹிரா. நானே வேன் கொண்டு வாறன். இந்த வீட்ட வாடகைக்குக் குடுப்பம்."

வாசனை எண்ணெய் கலக்கும் வேலையை அங்கே எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"இனி என்னத்துக்கு எண்ணெ? நாங்க ஒங்களுக்குச் சோறு போட மாட்டமா?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். கோபமாகச் சொன்னால் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரியும். கண்டியில் பாதிக் கல்யாணப் பெண்களின் தலைமுடியில் என் எண்ணெய் இருக்கிறது, சோற்றுக்காகவா செய்தேன்?

ஜூலை 11

எண்ணெய் வேலைக்கு எனக்கு உதவும் சுதர்சினி அம்பிட்டியவிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். றிஸானாவின் மகளுக்கு ஆகஸ்டில் நிக்காஹ். மேனிக்கு ஓர் எண்ணெய், கூந்தலுக்கு ஓர் எண்ணெய். சாஹுல் ஹமீது உயிரோடு இருந்தபோதே ஏற்றுக்கொண்ட வேலை, மறுக்க மனம் வரவில்லை. இதையாவது ஒழுங்காகச் செய்து கொடுத்தால் நானாவிடம் பேச எனக்கு ஒரு வாய் இருக்கும்.

இத்தா முடியும் வரை மணம் பூசக்கூடாது. நான் முகர்வதையே நிறுத்திவிட்டேன். படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு உள்ளேயிருந்து சொன்னேன், பின்னறையில் அவள் கலந்தாள். மணம் நீக்கிய தேங்காயெண்ணெய், சந்தனம், வெட்டிவேர், சாதிக்காய். கடைசியில் கறுவாப்பட்டை மரத்தின் இலையில் எடுத்த எண்ணெய், சில துளிகள் மட்டும்.

"கறுவா எது, அக்கா?"

"மேல் தட்டு, இடது ஓரம்."

"ரெண்டு போத்தல் ஒரே மாதிரி இருக்கே. ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லுங்களேன்."

"எனக்கு ஏலா. இடது ஓரம்தான், ஊத்துங்க."

என் போத்தல்களில் பெயர் எழுதும் பழக்கம் இல்லை. முகத்தில் மூக்கு இருக்கும்போது பெயர் எதற்கு என்று பெருமை பேசியவள் நான். சுதர்சினி இத்தனை வருடமாக ஊற்றுவாள், மூடுவாள், பொதி கட்டுவாள். கலப்பது நான் மட்டும். இலையோ பட்டையோ, அவளுக்கு எல்லாம் கறுவா வாசம்தான்.

ஜூலை 12

மழை. கலந்த எண்ணெய் மணம் சேர இருட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 30

எண்ணெய் றிஸானா வீட்டுக்குப் போய்விட்டது. பெரஹரா ஊர்வலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் சுதர்சினி பாதி வழி நடந்தே போய்க் கொடுத்திருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

றிஸானா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைப்பேசியில் மகளின் படத்தை நீட்டினார். கழுத்திலிருந்து தோள் வரை சிவந்து தடித்திருக்கிறது. பூசிய கொஞ்ச நேரத்தில் எரிந்ததாம். நிக்காஹ் இந்த ஞாயிறு.

"ஒங்கள நம்பித்தானே புள்ளைக்குப் பூசின?"

சுதர்சினி அழுதுவிட்டாள். "நான் ஊத்துனதுதாங்க, அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். உடனே தடுத்தேன். "அவ மேல பழி இல்ல. நான் பாக்காமக் குடுத்த" என்று றிஸானாவிடம் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணி நேரத்தில் கெலிஓயாவுக்குக் கதை போய்விட்டது. நானா தொலைபேசியில், "இதோட போதும். நல்ல பேரோட விட்டுருங்க" என்றார். எந்த நல்ல பேர்? அது இன்றைக்குத்தானே போனது!

இப்போதுதான் புரிகிறது. கணவர் இறந்த அன்று, மையித்தைக் குளிப்பாட்டப் பின்னறையில் இடம் வேண்டுமென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் என் தட்டிலிருந்த போத்தல்களை இறக்கி முன்னறைக்குக் கொண்டு போனார்கள். போத்தல்களைத் திரும்ப அடுக்கியதும் அவர்கள்தான். இடது ஓரத்தில் எது இருந்ததோ... பட்டை எண்ணெயாக இருந்தால் தோலைச் சுடும். ஒரு முறை மூடியைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஒரு முறை.

ஆகஸ்ட் 6

மத்ரஸாவில் பெண்களுக்குப் பாடம் சொல்லும் அஸீமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பூசிக்கிறதத்தான் கூடா எண்டு படிச்சிருக்கிறம். எது எந்த எண்ணெ எண்டு பாக்க முகர்றத ஒங்களுக்கு யாரு தடுத்த?"

யாரும் இல்லை. யாருமே சொல்லவில்லை. பிறகு ஏன் இத்தனை நாள் கதவை மூடிக்கொண்டு கிடந்தேன்?

ஆகஸ்ட் 7

அஸர் தொழுகைக்குப் பிறகு பின்னறைக்குப் போனேன். இடது ஓரத்துப் போத்தலைத் திறந்தேன். இனிப்பும் சூடுமாக ஏறியது. பட்டைதான்.

பக்கத்துப் போத்தலையும் பார்க்க வேண்டும். ஒன்றை முகர்ந்தவுடன் அடுத்ததை முகர்ந்தால் மூக்கு பொய் சொல்லும், நடுவில் வாசனையில்லாத எதையாவது முகர்ந்து துடைத்துக்கொள்ள வேண்டும். சிலர் தங்கள் முழங்கையின் உள்பக்கத்தை முகர்வார்கள். நான் என் கணவரின் கையைத்தான் இழுப்பேன். மணம் பூசாத மனிதர். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டே கையை மட்டும் இந்தப் பக்கம் தருவார். இத்தனை வருடமும் அப்படித்தான் கலந்தேன்.

இன்று என் கை தானாகவே அந்தப் பக்கம் போனது.

போய்ட்டீங்களே... இப்பிடி என்ன உட்டுட்டுப் போய்ட்டீங்களே! இதுக்குத்தான் பயந்த. எண்ணெய்க்கு இல்ல, மார்க்கத்துக்கும் இல்ல. இந்த வெறுங்கதிரைக்கு.

நன்றாக அழுதேன். அப்புறம் என் முழங்கையையே முகர்ந்துவிட்டு இரண்டாவதைத் திறந்தேன். இலை. சுதர்சினி பேனா கொண்டு வந்தாள், எல்லாவற்றுக்கும் பெயர் எழுதினோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

றிஸானா வீட்டிலிருந்து கல்யாணச் சாப்பாடு வந்தது. மகளுக்கு எரிவு அடங்கிவிட்டதாம், சிவப்புத் தெரியாமல் முந்தானையைச் சுற்றினார்களாம். வேறு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. சாப்பிட்டேன்.

செப்டெம்பர் 17, புதன்

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்தது. குளித்தேன். பெண்கள் வந்தார்கள், ஓதினார்கள். யாரோ அத்தர் நீட்டினார்கள், கொஞ்சம் தொட்டுக்கொண்டேன். சனிக்கிழமை வேன் வருகிறதாம். நான் வரவில்லை என்று நானாவிடம் சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது? ஒரு பிள்ளையின் கழுத்தைச் சுட்டவள் தானே நான்.

செப்டெம்பர் 20, சனி

ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை. காலையிலிருந்து சுதர்சினியும் நானும் பின்னறையில் சாதிக்காயும் வெட்டிவேரும் சேர்த்துக்கொண்டிருந்தோம். யாரும் கேட்ட எண்ணெய் இல்லை, கை கேட்டது. இனி எதைக் கலந்தாலும் முதலில் என் கையில் பூசி ஒரு நாள் பார்ப்பேன்.

வேன் சத்தம் கேட்டது. தம்பி மவுத்தான பிறகு தாஸிம் நானா இன்றைக்குத்தான் வீட்டுக்குள் வருகிறார். "எல்லாம் ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே பின்னறை வாசல் வரை வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பிட வாசம்" என்றார்.

மணம் பூசாதவர்தான். ஆனால் நாள் முழுதும் இந்த அறையில் என் பக்கத்தில் இருந்த அவர் சட்டையில் இந்த வாசம் ஏறியிருக்கும்.

"கெலிஓயாக்கு வந்தா இந்த வாசத்தோடதான் வருவான். நான் கண்ண மூடிட்டு இருந்தாலும் தெரியும், அவன் வந்துட்டான் எண்டு." கதிரையில் உட்கார்ந்தார். அந்தக் கதிரையில்தான். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். சுதர்சினி போய்த் தேத்தண்ணீர் ஊற்றி வந்தாள். அவர் அதை மெதுவாகக் குடித்து முடித்தார்.

வேன்காரப் பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். "எதுகள ஏத்துற, நானா?"

"இத ஏத்த ஏலா மகன்" என்றார். "வா, போவம்."

வெறும் வேன் இறங்கிப் போகும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து சந்தனத்தைத் திறந்தேன்.