உர்சினாவின் பெயர் வெட்டிய துப்பாக்கி

கூர்,
சுவிட்சர்லாந்து,
11 பெப்ரவரி 2024

இமெல்டாவுக்கு,

நீரும் லாராவும் ஆராவில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது. கடிதத்தில் சண்டை பிடிக்க நாலு நாள் எடுக்கும் என்பதால் எழுதுகிறேன். நீர் அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் வந்தது. மேசையில் இருக்கிறது.

இது வேறு விஷயம். கீழ்வீட்டு காஃப்லிஷ் கிழவர் ஜனவரியில் செத்துப்போனார். உமக்கு ஞாபகம் இருக்கும். வேட்டைக்குப் போய் மான் இறைச்சி கொண்டுவருவார். நீர் காய்ச்சிய கறியைக் கண்ணால் மூக்கால் ஓட ஓடச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்பார். முதுகு ஒப்பரேஷனுக்குப் பிறகு ஹோட்டல் வேலையும் போய், நீரும் போய், இரண்டு வருடமாக நான் மனம் விட்டுக் கதைத்த ஒரே மனிதர் அவர்தான். தன்னுடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை எனக்கென்று எழுதி வைத்திருக்கிறார். அவருடைய தங்கையின் மகள் தோல்பெட்டியோடு கொண்டுவந்து தந்தார்.

பழைய துப்பாக்கிகளை ஏலம் விடும் இடத்தில் பதினாலு வருடமாக விவரம் எழுதுகிறவர் நீர். சேகரிப்பவர்கள் இதற்கு என்ன தருவார்கள் என்று சொல்லும். ஒரு பக்கம் முயலைத் துரத்தும் நாய், மறுபக்கம் புல்லுக்குள்ளிருந்து எழும்பும் இரண்டு பறவைகள், எல்லாம் கையால் செதுக்கியது. அடிப்பக்கத்தில் உர்சினா என்று அவருடைய மனைவியின் பெயர்.

இப்படிக்கு,
அருட்பிரகாசம்


ஆராவ்,
16 பெப்ரவரி 2024

லாராவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். லாராவுக்குப் பரீட்சை நடக்கிறது. பத்திரத்தில் மூன்று இடத்தில் பென்சிலால் அடையாளம் போட்டிருக்கிறேன், அங்கே மட்டும் கையெழுத்து வைத்தால் போதும்.

முதலில் ஒன்று. இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் விசேஷ அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. நானும் லாராவும் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்தபோது நீங்கள் எடுக்கமாட்டேன் என்று நின்றீர்கள். இப்போது கிழவர் அன்பாகத் தந்ததைக்கூட உங்களால் வைத்திருக்க முடியவில்லை.

விலைக்கு வருகிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று தெரிந்துதானே கேட்டிருக்கிறீர்கள். குழலின் அடியில் இருக்கும் முத்திரைகளை எழுதி அனுப்புங்கள். குழலிலும் மரக்கட்டையிலும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமானது அந்தப் பெயர். துப்பாக்கி செய்த காலத்திலேயே, அதே கை, சொந்தக்காரர் கேட்டபடி வெட்டியிருந்தால் விலை ஏறும். பிற்காலத்தில் வேறொருவர் வெட்டியிருந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். வாங்குகிறவருக்கு உர்சினா யாரோ ஒருத்தி. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து அனுப்பினால் எந்தக் கை என்று என்னால் சொல்ல முடியும்.

டொக்டர் தந்த குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

இமெல்டா


கூர்,
25 பெப்ரவரி 2024

இமெல்டாவுக்கு,

நீர் கேட்டபடி உரசி எடுத்த தாள் இதோடு இருக்கிறது. பெல்ஜியத்து முத்திரை, 1936. இலக்கங்கள் ஒன்றுதான். நாயின் காதில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. உர்சினாவின் பெயரில் அந்த நேர்த்தி இல்லை, 'எஸ்' எழுத்து கொஞ்சம் சரிந்து கிடக்கிறது. மனைவி செத்த வருடம் கிழவர் மணிக்கூட்டுக் கடைக்காரரைக்கொண்டு வெட்டுவித்ததாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பின்னேரங்களில் அதை எடுத்துத் துடைப்பேன். கழற்றுவேன், பூட்டுவேன். கிழவர் காட்டித் தந்தவர். வேறு என்ன வேலை எனக்கு?

பல்கனியில் இருந்த கறிவேப்பிலைச் சாடியை மேல்வீட்டு யேசுதாசன் அண்ணையிடம் கொடுத்துவிட்டேன். நான் தண்ணீர் விட மறந்தால் பட்டுப்போகும், பாவம். லாராவின் ஞானஸ்நானப் பத்திரம், பள்ளிக்கூடப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். கிடைத்தால் சொல்லச் சொல்லும். உம்மோடு நான் பிடித்த சண்டைகளை நினைத்துப் பார்த்தேன். பாதி என்னுடைய பிழை. மற்றப் பாதியையும் என் கணக்கிலேயே போட்டுவிடும், இனி அதற்கென்ன.

துப்பாக்கியோடு ஒரு பெட்டி தோட்டாவும் இருக்கிறது. அதற்கும் விலை உண்டா?

அருட்பிரகாசம்


ஆராவ்,
27 பெப்ரவரி 2024

அருளுக்கு,

மூன்று தரம் போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எக்ஸ்பிரஸில் அனுப்புகிறேன், காலையில் கையில் இருக்கும்.

நான் முன்பு எழுதியதை மறந்துவிடுங்கள். தாளைப் பார்த்தேன். பெயரை வெட்டியது அதே பழைய கைதான். மணிக்கூட்டுக் கடைக்காரர் கதையைக் கிழவர் மாறி ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். சொலத்தூர்னில் எங்களுக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர் இந்த மாதிரியைத்தான் பத்து வருடமாகத் தேடுகிறார். பதினெட்டாயிரம் பிராங் தருவார். அதற்குக் குறையாது.

ஆனால் இனிமேல் நீங்கள் அதைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தரம் பூட்டும்போதும் தேய்மானம், விலை இறங்கும். உங்கள் வீட்டு ஹீட்டர் சூட்டில் கட்டை வெடித்துவிடும். இதை வாசித்தவுடன் பெட்டியோடு யேசுதாசன் அண்ணையிடம் கொடுத்துவிடுங்கள். தோட்டாவையும் சேர்த்து. சேகரிப்பாளருக்குத் தோட்டாவும் வேண்டும், ஒன்றுகூடக் குறையக்கூடாது.

வேலையில் லீவு சொல்லிவிட்டேன். நாளை மத்தியானத்துக்கு முன்னம் அங்கே நிற்பேன். பத்திரத்துக்கு ஒரு அவசரமும் இல்லை.

இமெல்டா


கூர்,
10 மார்ச் 2024

அன்புள்ள இமெல்டாவுக்கு,

அன்றைக்கு நீர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று தோட்டாக்களை எண்ணினீர். இரண்டு பேரும் இடியப்பம் சாப்பிட்டோம், ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்காததை இப்போது எழுதுகிறேன்.

உமக்கு முதல் கடிதம் போட முன்னமே நான் இங்கே ஒரு துப்பாக்கிக் கடைக்காரரிடம் படங்களைக் காட்டிக் கேட்டிருந்தேன். அந்தப் பெயர் மட்டும் இல்லாவிட்டால் நாலாயிரம் போகும், பெயரோடு அறுநூறு, அதற்கு மேலே ஒரு சதமும் இல்லை என்று அவர் சொன்னார். விலை எனக்குத் தெரியும் இமெல்டா. உம்முடைய எழுத்தை ஒரு தரம் பார்க்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த நாட்களில் எனக்கு உயிரோடு இருக்க விருப்பம் இருக்கவில்லை. யாருக்கும் நான் சொல்லவில்லை. நீர் எப்படி வாசித்தீரோ தெரியாது.

இருபத்தாறு வருடத்தில் நீர் எனக்கு ஒரு பொய் சொன்னதில்லை. நான் பாடினால் சுருதி இல்லை என்பீர். ஒப்பரேஷன் முடிந்த அன்று, டொக்டர் வாய் திறக்க முன்னம், "இனி நீங்கள் வேலைக்குப் போகமாட்டியள்" என்று சொன்னதும் நீர்தான். அதைத்தான் நான் மன்னிக்காமல் இருந்தேன். அப்படிப்பட்டவர் பதினெட்டாயிரம் என்று எழுதியிருந்ததை வாசித்தவுடன் எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல்நாள் பின்னேரம் காட்ஸ் விளையாட வந்த யேசுதாசன் அண்ணை, விடிந்தும் போகாமல் என் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதுவும் உம்முடைய வேலைதானே. எழுப்பிப் பெட்டியைக் கொடுத்தேன். "எனக்கு ஏலாமல் இருக்கு அண்ணை" என்றேன். அவர் பெட்டியை வாங்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டார்.

வெள்ளிக்கிழமை டொக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். கிழமையில் இரண்டு தரம் வரச் சொல்லியிருக்கிறார். சுகம் என்று எழுதமாட்டேன், நீர் நம்பவும் மாட்டீர். காலையில் எழும்புவது இன்னும் பெரிய பாடாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடியும், போன் எடுப்பேன்.

அன்று கொண்டுபோன துப்பாக்கியை நீர் பொலிசிடம் கொடுத்து அழித்திருப்பீர் என்று நினைக்கிறேன். நல்லது. உர்சினாவின் பெயரை உரசி நான் அனுப்பிய தாளை மட்டும் வைத்திருந்தால் திருப்பி அனுப்பும்.

நாங்கள் திரும்பச் சேர்ந்து இருப்போம் என்று நான் நினைக்கவில்லை, நீரும் நினைக்கவேண்டாம். பத்திரத்தை நேற்று மேசையில் விரித்துப் பேனாவையும் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். நான் எல்லாவற்றையும் முடித்து வைக்கிறேன் என்று கண்டால் நீர் பயந்துபோவீர். அது இப்படியே மேசையில் கிடக்கட்டும். வாற வருடம் கேளும்.

கறிவேப்பிலைச் சாடியைத் திருப்பி வாங்கிவிட்டேன்.

அருள்