நான் கூப்பிடாத பேர்

நேற்றுப் பிற்பகல் ஃபெரிப் படகில் யாரோ உங்கள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். முதலில் திரும்பிப் பார்த்தது நான்தான். உங்களைக் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் கழுத்து தன்பாட்டில் திரும்பிவிட்டது. கூப்பிடப்பட்டவன் மீசைகூடச் சரியாக முளைக்காத பொடியன். மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஐஸ் தின்றுகொண்டிருந்தான். உங்கள் பேரை அவனுக்கு வைத்தவர்கள் மேல் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது.

அக்கரையில் சுங்கை பாக்காப்பில், உங்கள் தங்கை மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலம் வந்த பிறகும் எனக்கு ஃபெரிதான். அந்த டீசலும் உப்புக்காற்றும் சேர்ந்த வாசம், நீங்கள் பயணம் போய் வரும்போது சட்டையில் கொண்டுவருகிற வாசம். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் வேலை என்பது உங்களுக்கு ஒரு சாக்கு. மேடான், பேங்காக், மெட்ராஸ், கொழும்பு என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தீர்கள். போன இடமெல்லாம் சிநேகிதம் பிடித்தீர்கள். அவர்களில் பாதிப் பேர் முன்னறிவிப்பில்லாமல் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். புட்டு அவித்து அவித்தே என் கை ஓய்ந்தது. உங்களுக்குச் சிரித்த முகம், எனக்கு அடுப்படி. அதை அப்போதே உங்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

உங்களோடு ஆயர் ஈத்தாம் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் மீன் கெட்டுப்போகிற வரைக்கும் பேச்சு. எல்லோரும் உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காய்கறி விற்கிற சீனக் கிழவர்கூட அந்தப் பேரைப் பாதி விழுங்கி, மீதியைத் துப்புவார். இந்த ஊரில் உங்கள் பேரைச் சொல்லாத வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியது. சிரிக்காதீர்கள். எத்தனையோ தரம் சிரித்துவிட்டீர்கள். வெளியூரிலிருந்து டெலிபோன் எடுத்து, "ஆர் பேசுறது எண்டு சொல்லும் பாப்பம்" என்பீர்கள். "ஆரெண்டு தெரியும், எப்ப வாறியள்?" என்பேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். விளையாட்டு இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

என்னையும் ஒரு தரம் கூட்டிப்போனீர்கள், எல்லை தாண்டி ஹட்யாய்க்கு. அந்தக் கடைத்தெருவில் நான் ஒரு குடையை விலை பேசித் திரும்பினால் உங்களைக் காணவில்லை. பாஷை தெரியாத ஊர். நம் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே, "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். நம் ஆட்கள் பலர் அன்றைக்கு அங்கே வந்திருந்தார்கள் போலிருக்கிறது. முன்பின் தெரியாத மூன்று புருஷன்மார் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களோ ரெண்டு கடை தள்ளி, யாரோ ஒரு லாரிக்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

"பேரைச் சொல்லியிருந்தா நான் ஒருத்தன்தானே திரும்பியிருப்பன்" என்றீர்கள். "இப்ப பாரும், ஊர்ப்பட்ட புருஷன்மாரெல்லாம் வந்திட்டினம் லா."

"பகிடி விடாதேங்கோ. நான் பயந்து போனன்."

"சரி, இப்ப ஒருக்காச் சொல்லும். இஞ்ச ஆருக்குத் தெரியப்போகுது?"

"சாமிக்குத் தெரியும்."

"சாமி என்ன, பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டோ வந்தவர்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எல்லாரும் கூப்பிடுகினம். நீர் கூப்பிட்டா எப்பிடியிருக்கும் எண்டு கேக்க ஒரு ஆசை" என்றீர்கள். நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். புடவையும் கொலுசும் நான் கேட்டு நீங்கள் கொடுத்தவை.

பிறகு ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தம் கட்டி, கண் மூடிக் கிடந்தீர்கள். தங்கை மகன் "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக் களைத்துப்போனான். அந்தச் சின்ன நர்ஸ் என் தோளைத் தொட்டாள். "ஆண்டி, பேர் சொல்லிக் கூப்பிடுங்க லா. வீட்டு ஆளுங்க குரல் கேட்டா சில பேரு கண்ணு முழிப்பாங்க."

குனிந்து உங்கள் காதருகே போனேன். பேர் பல் வரைக்கும் வந்தது. வெட்கம் இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். பயம். இருக்கிற கொஞ்ச ஆயுசையும் நானே என் வாயால் குறைத்துவிடுவேனோ என்ற பயம். "இஞ்சாருங்கோ" என்றேன். இன்னும் சத்தமாக, "இஞ்சாருங்கோ." பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். நீங்கள் திரும்பவில்லை. விடிவதற்குள் போய்விட்டீர்கள்.

உங்கள் பேரைச் சொல்லாமல் இத்தனை வருஷம் காத்து எதைக் காப்பாற்றினேன்? அம்மாவிடம் சண்டை பிடிக்கலாமென்றால் அம்மாவும் இல்லை. சொல்லியிருந்தால் கண் திறந்திருப்பீர்கள் என்று சொல்லவில்லை. டாக்டர் அப்போதே கையை விரித்துவிட்டார். ஆனால் கேட்டிருப்பீர்களே. அதுதான் ஆறவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு, உங்கள் பயணப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். முதல் தரம் குரல் வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது. நல்ல பேர்தான், சொல்லச் சுகமாக இருக்கிறது. இன்றைக்குக் காலையிலும் அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு, பழக்கம் விடவில்லை, கூடவே "இஞ்சாருங்கோ" என்றும் சேர்த்துக்கொண்டேன். இரண்டில் எதற்குத் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியாதே.